மலையகத்தில் ஒரு ரொக் இசைக்குழு: லயத்து அறையிலிருந்து மேடைவரை முழுமையான வழிகாட்டி

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் கிட்டார் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எந்த ஊர்த் தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனாலும் டிரம்ஸ், ஓர்கன், கிட்டார் எல்லாம் வாசிக்க ஆள் இருக்கும். தோட்டத்துத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுக்களும் உண்டு. சொந்தப் பாட்டை வாசித்துக்கொண்டு ஐந்தாறு வருடமாவது தாக்குப்பிடிக்கிற குழுக்களைத்தான் காண்பது அரிது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பேஸ் வாசிப்பவர் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறார். டிரம்ஸ்காரர் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகிறார். பாடுகிறவர் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகிறார். குழு கலைந்துவிட்டது என்று யாரும் சொல்வதுகூட இல்லை. அடுத்த தீபாவளிக்குச் சந்திக்கும்போது அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி, உங்கள் குழுவினர் ஒரே ஊரில் சேர்ந்திருக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. ஆள் சேர்ப்பது, பாட்டு எழுதுவது, ஒலிப்பதிவு, பணம் எல்லாவற்றையும் அந்தப் பிரிவைத் தாங்கும்படி முதல் நாளே அமைத்துக்கொள்ள வேண்டும்.

1. ஆள் சேர்ப்பது: பஸ் பாதையைப் பாருங்கள்

நான்கு பேர் போதும்: கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாடுகிறவர். பாடுகிறவரே இரண்டாவது கிட்டாரும் வாசித்தால் நல்லது. ஆளைத் தெரிவு செய்யும்போது திறமைக்கு முன்னால் பாதையைப் பாருங்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா நான்கும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, பஸ்ஸும் உண்டு. ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, பதுளை அதே ரயில் பாதையில் தள்ளியிருக்கும் இன்னொரு தொகுதி. பொகவந்தலாவையில் ஒருவர், இராகலையில் ஒருவர், வெலிமடையில் ஒருவர் என்று குழு அமைத்தால் ஒத்திகை நாளில் பாதி நேரம் பஸ் தரிப்பிடத்தில் போகும். சுமாராக வாசிக்கும் பக்கத்து ஊர்க்காரர், பிரமாதமாக வாசிக்கும் தூரத்து ஊர்க்காரரைவிடப் பயன்படுவார். ஆறு மாதத்தில் அவரும் நன்றாக வாசிப்பார்.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. தேவாலய இசைக்குழு முதலாவது. அங்கே பழகியவர்களுக்கு நேரத்துக்கு வருவதும் பாடுகிறவருக்கு இடம்விட்டு வாசிப்பதும் கைவந்திருக்கும். பாடசாலை வாத்தியக் குழு இரண்டாவது. பக்கமேளம் (சைட் டிரம்) அடித்த பிள்ளைக்கு டிரம்ஸ் பாதி தெரியும். மூன்றாவது, மாசி மாதத்துக் காமன் கூத்தும் தோட்டத்துத் திருவிழாவும். தப்பு என்ற தோல் வாத்தியம் அடிக்கிறவரை அங்கேதான் காண்பீர்கள்.

தப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) அழைத்த வாத்தியம் அது. இன்று அதை மேடைக்கு அழகு சேர்க்க ஒரு பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, செலவுக்கு ஏதாவது கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாதி பார்த்து ஒதுக்கிய பழைய பழக்கத்தின் நாகரிகமான வடிவம்தான் இது. தப்புக் கலைஞர் உங்களோடு வாசிப்பதென்றால் அவர் குழுவின் ஐந்தாவது உறுப்பினர்: படத்தில் நிற்பார், பங்கும் சமமாகப் பெறுவார். அதற்கு மனமில்லாதவர்கள் தப்பு இல்லாமலே வாசிக்கலாம்.

பெண்கள் குழுவில் இருக்க வேண்டும் என்று பலரும் விரும்புகிறார்கள். ஆனால் ஒத்திகையை மாலை ஆறு மணிக்கு வைக்கிறார்கள். பகலில் வையுங்கள், கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக முடியுங்கள், முதல் முறை வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலான மறுப்புகள் இசைக்கு எதிரானவையாக இருப்பதில்லை. இருட்டில் தனியாக வரும் பாதைதான் அவர்களுக்குப் பயம்.

2. பெயர் வைப்பதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள்

குழுவுக்குப் பெயர் தேடுவதில் ஒரு மாதத்தைச் செலவிடுகிறவர்கள், ஒரு பக்க உடன்பாட்டை எழுத ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று கூச்சம். நண்பர்களாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், பிறகு எழுத முடியாது.

அதில் இருக்க வேண்டியவை: பாட்டு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும், பொதுப் பணத்தில் வாங்கிய கருவி யாரிடம் இருக்கும், ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அவருடைய இடத்தில் வேறொருவர் வாசிக்கலாமா, அவர் திரும்பி வந்தால் என்ன செய்வது. கடைசி இரண்டும் மலையகத்துக்கு மிக முக்கியம். எனக்குத் தெரிந்த நியாயமான ஏற்பாடு இது: வெளியூர் போனவர் உறுப்பினராகவே இருப்பார், மேடைப் பணம் மேடையில் வாசித்தவருக்கு, ஒலிப்பதிவின் வருமானம் அதில் வாசித்த எல்லோருக்கும், எங்கே இருந்தாலும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை உருவாக்கிய உடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. உருவாக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். கூட்டாக எழுதியிருந்தால் கடைசியாக உயிரோடிருந்தவரின் மறைவிலிருந்து 70 ஆண்டுகள். ஆனால் யார் எழுதினார் என்பதை நிரூபிக்க ஏதாவது வேண்டுமே. ஒவ்வொரு பாட்டுக்கும் வரிகள், மெட்டமைத்தவர், பங்கு விகிதம், திகதி எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கருவிகள்

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2022இல் ரூபாவின் மதிப்பு சரிந்தபோது இறக்குமதியாகும் கருவிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மலிவான மின் கிட்டார் ஒன்றே ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடும். அம்மாவின் கொழுந்துப் பணத்தில் விலையுயர்ந்த கிட்டார் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய கிட்டாரை வாங்குங்கள். வாங்கும்போது கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பாருங்கள், ஒவ்வொரு கட்டையிலும் எல்லாத் தந்தியையும் மீட்டி இரைச்சல் கேளுங்கள், குமிழ்களைத் திருப்பி வெடிப்புச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். டிரம்ஸ் செட் வாங்காதீர்கள்; தேவாலயத்திலும் பாடசாலையிலும் இருப்பதை இரவல் கேளுங்கள். டிரம்ஸ்காரருக்குச் சொந்தமாக ஒரு சோடி குச்சி, ஒரு ரப்பர் பயிற்சிப் பலகை, கால் மிதி ஆகியவை போதும். பொதுப் பணம் சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது இரண்டு உள்ளீட்டு வாயில்கள் கொண்ட ஒலி இடைமுகமும் (மைக், கிட்டார் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் கருவி) ஒரு நல்ல மைக்கும்தான். ஷூர் எஸ்.எம். 58 மைக் 1966இலிருந்து ஏறத்தாழ அதே வடிவத்தில் விற்பனையாகிறது. கீழே விழுந்தாலும் வேலை செய்யும். சந்தையில் போலிகள் நிறைய உண்டு, ஆகவே தெரிந்த கடையில் வாங்குங்கள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனியும் ஈரமும் கருவிகளுக்கு எதிரிகள். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள், அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். அடுப்படியின் சூடும் வாசலின் குளிரும் மாறிமாறிப் பட்டால் கழுத்து வளைந்துவிடும்.

4. ஒத்திகை

தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடான லயத்தில் ஒரு பழைய அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவர்கள் பல இடங்களில் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் ரொக் ஒத்திகை நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலையிலேயே எழும்ப வேண்டியவர்.

வீட்டில் அமைதிப் பயிற்சி மட்டும்: கிட்டாரும் பேஸும் ஹெட்போனில், டிரம்ஸ் ரப்பர் பலகையில். முழுச் சத்தத்துக்கு, பயன்படாமல் கிடக்கும் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்), சனசமூக நிலையம், தேவாலய மண்டபம், விடுமுறையில் பாடசாலை மண்டபம் என்று தேடுங்கள். அனுமதி கேட்கும் ஒழுங்கும் உண்டு. தோட்டத் தலைவரிடம் முதலில், பிறகு நிர்வாகத்திடம். மாறிக் கேட்டால் இரண்டு பக்கமும் மனத்தாங்கல் வரும். பதிலுக்கு ஏதாவது கொடுங்கள். பாலர் பாடசாலைக் கலைவிழாவுக்கு வாசிப்பதாகச் சொன்னால் எந்தத் தோட்டமும் மண்டபத்தைத் திறந்துவிடும்.

ஒத்திகைக்கு வருமுன் அவரவர் பகுதி பாடமாகியிருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி தாளம் மட்டும்: டிரம்ஸும் பேஸும் வேகம் மாறாமல் தாளம் தட்டும் மெட்ரோனோமுக்கு ஒத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அதன்பின் ஒரு புதுப் பாட்டு, இரண்டு பழைய பாட்டு. கடைசியாக எல்லாவற்றையும் நிறுத்தாமல் வாசித்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். தொலைபேசிப் பதிவு அழகாக இராது, ஆனால் யார் அவசரப்படுகிறார் என்பதைச் சொல்லிவிடும். மெட்ரோனோமை வெறுக்கிற டிரம்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். பின்னால் அவர் டோஹாவில் இருந்துகொண்டு பதிவு செய்து அனுப்பப்போகும் நாளுக்காகத்தான் இந்தப் பயிற்சி என்று சொல்லிவையுங்கள்.

5. சொந்தப் பாட்டு

இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும். சினிமாப் பாட்டு வாசித்தால் முதல் வருடம் கைதட்டல் கிடைக்கும். மூன்றாவது வருடம் உங்கள் பெயர் யாருக்கும் நினைவிராது. தவிரவும், இன்னொருவருடைய பாட்டை இணையத்தில் ஏற்றினால் உரிமையாளரின் கோரிக்கை வந்து அந்த வருமானம் அவருக்குப் போய்விடும். ஆறு பாட்டோடு தொடங்குங்கள்: நான்கு சொந்தம், இரண்டு பழைய தோட்டப் பாடல்களின் புது வடிவம்.

சொந்தப் பாட்டு எழுதி மேடையில் பாடுவது மலையகத்துக்குப் புதிதல்ல. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடிக் கூட்டத்தைக் கூட்டினார். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்த வாய்மொழிப் பாடல்களுக்குத் தனி ஆசிரியர் என்று யாருமில்லை, ஆனாலும் அதே புலமைச் சொத்துச் சட்டம் வர்த்தகப் பயன்பாட்டில் நாட்டார் பாடல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஏதாவது சினிமாவில் அல்லது இசைத்தட்டில் வந்த அதன் வடிவத்தை அப்படியே எடுத்தாலும் சிக்கல் வரும். உங்கள் அப்பாயியிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு மூன்றும் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கும்.

தாளத்தில் ஒரு நுட்பம். ரொக் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் ஓடும்: பெரிய டிரம் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்நேர் என்ற சின்ன டிரம் இரண்டிலும் நான்கிலும். தெம்மாங்கு பலவும் ஆறு எண்ணிக்கையில், மூன்று மூன்றாக அசையும். தெம்மாங்கை நான்கு எண்ணிக்கைக்குள் திணிக்காதீர்கள், அதன் நடை செத்துவிடும். ஒன்று முதல் ஆறுவரை எண்ணுங்கள். பெரிய டிரம்மை ஒன்றிலும் ஸ்நேரை நான்கிலும் வைத்து, இடையில் உள்ள எண்ணிக்கைகளைத் தப்புக்கு விடுங்கள். பழைய ப்ளூஸ் பாட்டுகளின் ஆட்டமும் இதே மூன்றின் கணக்குத்தான். ஆகவே மின் கிட்டார் இதில் உறுத்தாமல் உட்காரும்.

வரிகள் எழுதும்போது நெடிலைக் கவனியுங்கள். ஸ்நேர் விழும் இடத்தில் நெடிலோ, க்க, த்த, ப்ப போன்ற இரட்டிப்போ வந்தால் சொல் தெறிக்கும். அந்த இடத்தில் ஒரு சாதாரணக் குறில் வந்தால் பாடுகிறவர் அதை நீட்டுவார், ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும். எழுதிய வரியைக் கிட்டார் இல்லாமல், மேசையில் தட்டிக்கொண்டு பேசிப் பாருங்கள். பேசும்போதே தாளம் கேட்டால் மெட்டு தானாக வரும்.

கிட்டாரில் சத்தத்தைக் கரகரப்பாக்கும்போது முழுக் கோர்ட் (பல சுரங்கள் சேர்ந்த அடுக்கு) குழம்பி ஒலிக்கும். ஆதார சுரத்தையும் ஐந்தாவது சுரத்தையும் மட்டும் வாசியுங்கள். சத்தம் தெளிவாக இருக்கும், பாடுகிறவர் தம் விருப்பப்படி சுரம் பிடிக்கவும் இடம் கிடைக்கும். சுருதியைப் பாடுகிறவரின் தொண்டை முடிவு செய்யட்டும். கிட்டார் கலைஞருக்கு விரல் வசதியான சுருதி என்பதற்காக ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. எல்லாத் தந்தியையும் அரைச் சுரம் இறக்கினால் முடிந்தது.

பொருள் என்ன? தேயிலைக் கோப்பையில் தொழிலாளியின் இரத்தம் என்ற உருவகத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை எழுதாதீர்கள். அதை எழுதியவர்கள் நிறையப் பேர், எழுதிய காலத்தில் அது சுட்டது, இப்போது அது மேடைப் பேச்சு. உங்கள் கண்முன் இருப்பதை எழுதுங்கள்: கொழும்புக் கடையின் மேல்மாடியில் ஏழு பேர் படுக்கும் அறை, தீபாவளி முற்பணம், அட்டை கடித்த கால், காணி உறுதி இல்லாத வீடு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட காதல். சிரிப்பூட்டும் பாட்டு ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். நம்மைப் பற்றிய பாட்டு என்றாலே அழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

6. பிரிந்தபின் நடத்துவது

முதல் ஆள் ஊரைவிட்டுப் போகும் நாளில் மூன்று காரியம் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், சுருதி, அமைப்பு எழுதிய தாள். ஒவ்வொருவர் பகுதியும் தனித்தனியாகப் பதிவான கோப்பு. எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரு பொது இணையச் சேமிப்பு, அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடம்.

கோப்பு அனுப்பும் விதிகளையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்: வேவ் வடிவம், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். வாசிப்பு நடுவில் தொடங்கினாலும் கோப்பு பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் மற்றவர் அடுக்கும்போது பொருந்தும். வட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

வருடத்தை நான்கு சந்திப்புகளாகப் பிரியுங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, உங்கள் தோட்டத்துத் திருவிழா, தீபாவளி. எப்படியும் ஊருக்கு வருவீர்கள், கேட்பதற்கு ஊரும் வந்திருக்கும். பொங்கலுக்குப் புதுப் பாட்டை ஒழுங்குபடுத்துங்கள், சித்திரையில் பதிவு, திருவிழாவில் மேடை, தீபாவளிக்கு முன் வெளியீடு. இடையில் உள்ள மாதங்களில் மாதம் ஒரு கோப்பு ஒவ்வொருவரும் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். வேலைக்களைப்பில் இருப்பவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

7. ஒலிப்பதிவு

தகரக் கூரையின் கீழ் பதிவு செய்யப்போகிறீர்கள், ஆகவே முதலில் மழையைப் பாருங்கள். ஹட்டன், வட்டவளை, நுவரெலியாப் பக்கத்தை மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும். பதுளைப் பக்கம் அப்போது காய்ந்து காற்றடிக்கும்; அங்கே டிசெம்பர் முதல் பெப்ரவரிவரை வடகீழ்ப் பருவமழை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை எல்லா இடத்திலும். சித்திரையில் பதிவு என்றால் விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடியுங்கள்.

அறையின் எதிரொலியைக் குறைக்க வீட்டில் இருக்கும் கம்பளிகளைக் கொடியில் இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். வெளியே போகும் சத்தத்தைக் கம்பளி தடுக்காது. உள்ளே திரும்பும் சத்தத்தை மட்டும் உறிஞ்சும். வரிசை இது: மெட்ரோனோம், வழிகாட்டிக் கிட்டார், டிரம்ஸ், பேஸ், கிட்டார், தப்பு, கடைசியாகக் குரல். இரண்டு வாயில்தான் இருக்கிறது என்றால் டிரம்ஸுக்கு ஒரு மைக் பெரிய டிரம்மின் முன்னால், ஒன்று வாசிப்பவரின் தலைக்கு மேலே. பதிவின் உச்சம் எங்கும் சிவப்பைத் தொடக்கூடாது.

தப்புக்கு ஈரம் பிடித்தால் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும். காய்ச்சித்தான் வாசிக்க வேண்டும். பதிவிலும் அப்படியே, ஒவ்வொரு சில வாசிப்புக்கும் ஒருமுறை வெளியே நெருப்பு மூட்டிக் காய்ச்சுங்கள். இல்லாவிட்டால் பாட்டின் தொடக்கத்தில் ஒரு வாத்தியமும் முடிவில் வேறொரு வாத்தியமும் கேட்கும். மைக்கை நடுவில் நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி விளிம்பை நோக்கிச் சாய்த்தால் அடிக்குச்சியின் அடியும் சிண்டுக்குச்சியின் சிணுக்கமும் இரண்டும் கிடைக்கும்.

மென்பொருளுக்கு ரீப்பர் போதும்; 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், உரிமமும் மலிவு. கலவை முடிந்ததும் ஹெட்போனில் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தனியார் பஸ்ஸின் ஒலிபெருக்கியில் கேளுங்கள். குரல் புரிந்தால் கலவை சரி. ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடும். ஆகவே சத்தத்தைக் கூட்டவென்று பாட்டை நசுக்குவதில் லாபமில்லை.

8. மேடை

முதல் மேடை உங்கள் தோட்டமாகவே இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தேவை. 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவைத் தொடர்ந்து இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இடமில்லை, ஆகவே உங்கள் நேரத்தை எட்டரைக்குள் கேட்டு வாங்குங்கள். போயா (பௌர்ணமி) தினங்களையும் பொதுப் பரீட்சைக் காலத்தையும் தவிருங்கள். அரை மணி நேரம் வாசியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சொந்தப் பாட்டின் நடுவே ஊர் அறிந்த ஒரு தெம்மாங்கை வையுங்கள். கிழவிகள் பக்கத்தில் சிரிப்பு வந்தால் இளசுகள் தானாக முன்னால் வருவார்கள்.

மின்சாரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நம் மின்னழுத்தம் 230 வோல்ட். தோட்டப் புறங்களில் மாலையானால் அது இறங்கும், நில இணைப்பு பல இடங்களில் பெயருக்கு மட்டும்தான். கிட்டார் பெருக்கி ஒரு இணைப்பிலும் மைக் வேறோர் இணைப்பிலும் இருந்து இரண்டுக்கும் நில இணைப்பு ஒத்துப்போகாவிட்டால், தந்தியில் கை வைத்தபடி மைக்கைத் தொடுகிறவர் உடலினூடாக மின்சாரம் பாயும். 1972இல் ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்கொட்லாந்துக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார். எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து இணையுங்கள், தோட்டத்து மின்னியலாளரைக் கொண்டு நில இணைப்பைச் சோதியுங்கள், மழைத்தூறல் விழுந்தால் பாட்டின் நடுவிலாவது நிறுத்துங்கள்.

9. வெளியீடும் பணமும்

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. நேரடியாக ஏற்ற முடியாது, ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாகத்தான். சில நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் கேட்கும். கட்டாவிட்டால் பாட்டு காணாமல் போகும். சில நிறுவனங்கள் ஒருமுறை மட்டும் வாங்கும். பிரிந்து வாழும் குழுவில் யாராவது ஒருவர் ஒரு வருடம் கட்ட மறப்பார். ஆகவே ஒருமுறைக் கட்டணமே உங்களுக்குப் பொருந்தும். சேருமுன் பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எப்படி வரும் என்று கேட்டுவிடுங்கள். பேபால் வழியாக மட்டும் பணம் தரும் நிறுவனத்தைத் தவிர்ப்பது நல்லது. வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும்.

வெளியீட்டுத் திகதிக்கு நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றுங்கள். குழுவின் பெயரைத் தமிழில் ஒருவிதமாகவும் உரோம எழுத்தில் மூன்று விதமாகவும் எழுதிக் குழப்பாதீர்கள்.

பண எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே இல்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வழமையான நிபந்தனை. உங்கள் செலவை ஈடுசெய்யப்போவது மேடையும் சட்டை விற்பனையும்தான். எல்லயிலும் நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்திலும் விடுதிகளில் ஆங்கிலப் பாட்டு வாசிக்க இடமுண்டு. போய் வாசியுங்கள், தந்திக்குக் காசு வரும். ஆனால் குழுவின் பெயரில் வாசிக்காதீர்கள்.

10. பெயர் பரவுவது

மலையகத்தில் பாட்டைப் பரப்புவதில் தனியார் பஸ் சாரதிகளுக்கு நிகர் யாருமில்லை. ஹட்டன், நுவரெலியா, பதுளை பஸ் நிலையங்களில் சாரதிகளுக்கு யூ.எஸ்.பி. ஒன்றில் பாட்டைப் போட்டுக் கொடுங்கள். தினமும் பல நூறு காதுகள், செலவு சில யூ.எஸ்.பி. அதன்பிறகு வானொலி: சூரியன், சக்தி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை. வீரகேசரி, தினகரன் ஞாயிறு இதழ்களுக்கு ஒரு பக்கக் குறிப்பும் இரண்டு தெளிவான படமும் அனுப்புங்கள். குறிப்பில் ‘புரட்சிகர’, ‘முதன்முறையாக’ போன்ற சொற்கள் வேண்டாம். எந்த ஊர், யார் யார், என்ன பாட்டு, எங்கே கேட்கலாம், அவ்வளவே.

அடுத்த வட்டம் கண்டி. ஆங்கிலத்தில் பாடும் பரனோய்ட் எர்த்லிங் 2001இல் கண்டியில் உருவாகித்தான் நாட்டின் ரொக் மேடைகளில் பெயர் பெற்றது. மலையிலிருந்து புறப்பட முடியாது என்பதற்கு ஆதாரமில்லை. கண்டி அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற கலாசார நிலையங்களைக் கேட்டுப் பாருங்கள். ஜூன் 21 உலகெங்கும் இசை நாளாகக் கொண்டாடப்படுகிறது, அந்த நாளையொட்டிப் புதுக் குழுக்களுக்கு இடம் கிடைக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்து மலையக மாணவர்களைத் தேடிப் பிடியுங்கள். கேட்பவர்களும் அவர்களே, நாளை எழுதப்போகிறவர்களும் அவர்களே. கொழும்பு மூன்றாவது வட்டம். அங்கே ஏற்கெனவே உங்கள் பேஸ்காரர் வேலை செய்கிறார், அவரைச் சுற்றி உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நூறு பேர் இருக்கிறார்கள். முதல் கொழும்பு மேடைக்கு அவர்களே கூட்டம். கடை விடுமுறை நாளைக் கேட்டுத் திகதி வையுங்கள்.

தமிழ்நாடு, புலம்பெயர் நாடுகள் என்று அதற்கு மேலும் போகலாம். 1970களின் பொப்பிசைக் காலத்தில் ஏ.ஈ. மனோகரன் பாடியவை கடல் தாண்டித் தமிழகத்திலும் கேட்டன. ஆனால் அந்த வாய்ப்பைத் தேடி முதல் இரண்டு வருடத்தில் அலைய வேண்டாம்.

பெயர் கொஞ்சம் பரவியதும் வரும் முதல் பெரிய அழைப்பு பெரும்பாலும் ஒரு தொழிற்சங்கத்தின் மேதின மேடையாகவோ ஒரு வேட்பாளரின் கூட்டமாகவோ இருக்கும். கூட்டம் பெரிது, பணமும் நேரத்துக்கு வரும். ஏறுவதா வேண்டாமா என்பதை வெளியூரில் இருப்பவர்களையும் சேர்த்து எல்லோரும் வாக்களித்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மறுநாள் அந்தச் சாயம் எல்லோர் மீதும்தான் விழும், அவர்கள் வீட்டார் மீதும். ஏறுவதென்றால் எந்தச் சங்கம் அழைத்தாலும் ஒரே கட்டணம், ஒரே பாட்டுப் பட்டியல், முதுகுக்குப் பின்னால் தலைவரின் படம் இருக்கலாம், சட்டையில் கட்சி நிறம் கூடாது. இதை அழைப்பை ஏற்கும்போதே எழுத்தில் கொடுங்கள். மேடையேறும் நேரத்தில் ஒரு வரியை மாற்றிப் பாடச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லொறியில் கருவிகளை ஏற்றுங்கள். அதற்கான வாடகையை முன்கூட்டியே பொதுப் பணத்தில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.